கழுத்துக்குக் கீழே ரகசியம்

வாய் ஓயாததால் ‘ரேடியோ’ என்று பேர் வாங்கிய டெய்லருக்கு அந்த வயிற்றெரிச்சல் ஆரம்பித்தது ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்தே முக்கால் மணிக்கு. கூட்டம் பத்து மணிக்கு என்று சொல்லி, இயக்குநர் வந்ததே பத்தே முக்காலுக்கு என்பதால் நேரம் அவருக்குத் துல்லியமாக நினைவிருக்கிறது. இயக்குநர் உட்கார்ந்ததும், கண்காணிப்பு மேடம் எழுந்து போய்ச் சுவரை மூடியிருந்த துணியை விலக்கினார். சுவர் முழுக்க முதுகுகள்.

எல்லாம் ஆண்களின் முதுகுகள். கழுத்துக்குக் கீழே, இடுப்புக்கு மேலே. தலை ஒன்றுகூட இல்லை. ஒவ்வொன்றின் அடியிலும் ஒரு தேதி. சுவரின் இடது பாதியில் ‘ஸ்டாண்டுக்காரர்’ என்று எழுதி, கீழே தொண்ணூற்று நான்கு முதுகுகள். வலது பாதியில் ‘டெய்லர்’ என்று எழுதி, கீழே மூன்று. மிச்சச் சுவரில் சுண்ணாம்பு தெரிந்தது.

இந்த முதுகு விவகாரத்தைச் சொல்லிவிட வேண்டும். எச்.ஐ.வி. இருக்கிறதா இல்லையா என்று ஒரு ஆள் தன் வீட்டிலேயே, கதவைச் சாத்திக்கொண்டு, இருபது நிமிஷத்தில் பார்த்துக்கொள்ளச் சின்னதாக ஒரு பெட்டி வந்திருக்கிறது. நல்ல பெட்டி. அதைப் பற்றி யாருக்கும் ஒரு குறையும் இல்லை. ஆஸ்பத்திரி வரிசையில் நிற்க வெட்கப்படும் ஆண்கள்கூட, தெரிந்த ஒரு ஆள் கொடுத்தால் வாங்கிக்கொள்வார்கள் என்று யாரோ புத்திசாலி கண்டுபிடித்திருந்தார். அந்தப் புத்திசாலி அதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் அவர் ‘ஆண்கள் சுயபரிசோதனை ஊக்குவிப்பு இயக்ககம்’ என்று ஒன்றை ஆரம்பித்து, அதற்கு ஒரு இயக்குநரையும் போட்டுவிட்டார்.

இயக்ககம் அந்தத் தெருவில் இரண்டு பேரை ‘நம்பிக்கைத் தோழர்’களாகத் தேர்ந்தெடுத்தது. ஒருவர் நம் டெய்லர். இன்னொருவர், நாற்பதடி தள்ளி வண்டி நிறுத்தும் ஸ்டாண்டு வைத்திருப்பவர். இருவருக்கும் இரண்டு நாள் பயிற்சி. முதல் நாள் இயக்ககத்தின் வரலாறு, இரண்டாம் நாள் இயக்குநரின் வரலாறு. சாப்பாட்டுக்கு முன்னால் ஐந்து நிமிஷம் பெட்டியைத் திறந்து காட்டினார்கள். உள்ளே இருக்கவேண்டியது எங்கேயோ தொலைந்துவிட்டதால், காலிப் பெட்டியை வைத்துக் கையால் சைகை செய்து காட்டினார்கள்.

கடைசியில் இயக்குநர் பேசினார்: “நாம் எல்லோரையும் முழுமையாக நம்புகிறோம். அதனால்தான் எல்லாவற்றுக்கும் ஆதாரம் கேட்கிறோம். வாங்குபவரின் பெயரைக் கேட்கக்கூடாது. முகத்தைப் படம் எடுக்கக்கூடாது. முதுகை மட்டும் எடுக்க வேண்டும். முதுகை வைத்து ஒரு மனிதனை யாராலும் கண்டுபிடிக்க முடியாது. அத்துடன், ரகசியம் காப்போம் என்ற பதினான்கு வரி உறுதிமொழியை, பத்தடி தூரத்தில் நிற்பவருக்கும் புரியும்படி உரக்க வாசிக்க வேண்டும்.”

முதுகை வைத்துக் கண்டுபிடிக்க முடியாதாம். இருபத்தாறு வருஷமாக முதுகு முதுகாக டேப் வைத்து அளந்தவரை எதிரே உட்கார வைத்துக்கொண்டு சொன்னார் இயக்குநர்.

அந்தச் செவ்வாய்க்கிழமை சுவரைப் பார்த்த உடனே டெய்லருக்குத் தெரிந்துவிட்டது. தொண்ணூற்று நான்கில் குறைந்தது அறுபது சட்டை அவர் தைத்தது. அந்த நீலக் கட்டம் போட்டது பேக்கரிக்காரர். பழுப்பு நிறத்தில் முதுகுப் பக்கம் இரண்டு மடிப்பு வைத்தது கணக்கு வாத்தியார். வலது பக்கம் லேசாகக் கூன் விழுந்தது தபால்காரர். எல்லோரும் வாரத்துக்கு ஒருமுறை கடைக்கு வந்து, பெஞ்சில் சாய்ந்து, அரை மணி நேரம் அரட்டை அடித்துவிட்டு, டீயும் குடித்துவிட்டுப் போகிறவர்கள். போனவர்கள் அப்படியே நாற்பதடி நடந்து ஸ்டாண்டுக்காரரிடம் போய் வாங்கியிருக்கிறார்கள்.

‘என் சட்டையப் போட்டுக்கிட்டு அவன்கிட்ட போய் நிக்கிறானுங்களே!’ டெய்லருக்கு அடிவயிறு பற்றிக்கொண்டது.

தன்னுடைய மூன்று முதுகை அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. முதல் ஆள் பெட்டிக்குள் ஊசியும் நூலும் இருக்கிறதென்று நினைத்து வாங்கினவர். இரண்டாவது ஆள், டெய்லர் உரக்க உறுதிமொழி வாசித்ததில் ஐந்தாவது வரியிலேயே ஓடிப்போனவர். அவர் ஓடும்போது எடுத்த படம் அது. மூன்றாவது, டெய்லரே கண்ணாடியில் முதுகைக் காட்டித் தன்னை எடுத்துக்கொண்டது.

ஸ்டாண்டுக்காரர் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார். மனுஷன் வாயைத் திறந்து நாலு வார்த்தை சேர்ந்தாற்போல் பேசி யாரும் கேட்டதில்லை. வண்டியை நிறுத்த வருகிறவன் ஒரு பார்வை பார்ப்பான். இவர் தலையை ஆட்டுவார். சாயங்காலம் அவன் வந்து வண்டியை எடுக்கும்போது கைப்பிடியில் ஒரு பை தொங்கும். அவன் கிளம்பும்போது முதுகை ஒரு படம். அவ்வளவுதான் வியாபாரம்.

“உறுதிமொழி வாசிச்சீங்களா?” என்று கேட்டார் கண்காணிப்பு மேடம்.

“மனசுக்குள்ள” என்றார் ஸ்டாண்டுக்காரர்.

மேடம் அதைக் குறித்துக்கொண்டார். டெய்லர் பல்லைக் கடித்தார். மனசுக்குள் வாசிக்கலாம் என்று தெரிந்திருந்தால் அவரும் வாசித்திருப்பாரே!

அன்றைக்கு வீட்டில் சாப்பாடு இறங்கவில்லை.

“அந்த உம்மணாமூஞ்சிகிட்ட என்ன இருக்கு, என்கிட்ட என்ன இல்ல? சொல்லு!” என்று மனைவியிடம் பாய்ந்தார்.

அவள் தட்டை நகர்த்திக்கொண்டே சொன்னாள்: “அவருகிட்ட வாயில்ல. உங்ககிட்ட இருக்கு. போன மாசம் எனக்குப் பல்லு புடுங்கினதை நீங்க எத்தனை பேருகிட்ட சொன்னீங்க?”

“பல்லுதானேடி!”

“காய்கறிக்காரன்கூட என்னைப் பார்த்ததும் ‘வாயைத் திறங்கக்கா, பார்ப்போம்’ங்கறான். உங்ககிட்ட வந்து எவன் அந்தப் பெட்டியக் கேப்பான்? அதுக்கு மைக் வச்சு அவனே சொல்லிக்கலாம்.”

பெண்டாட்டி சொன்னது அவ்வளவும் உண்மை. அதனால் இன்னும் எரிந்தது.

மறுநாள் காலை கடையைத் திறந்தவர் கண்ணில் பொம்மை பட்டது. தைத்த சட்டையைப் போட்டுப் பார்க்கக் கடை மூலையில் நின்ற பொம்மை. நல்ல தோள், நேரான முதுகு. தலை கிடையாது, வாங்கும்போதே கிடையாது. டெய்லர் அதைச் சற்று நேரம் பார்த்தார். இயக்ககத்தின் விதிப் புத்தகத்தை எடுத்துப் புரட்டினார். ‘கழுத்துக்குக் கீழே, இடுப்புக்கு மேலே, பெயர் கூடாது, முகம் கூடாது.’ பொம்மை ஒரு விதியையும் மீறவில்லை.

டெலிவரிக்குத் தயாராக இருந்த சட்டைகளை ஒவ்வொன்றாக அதற்கு மாட்டிப் படம் எடுத்தார். முதல் நாள் ஒன்பது, அந்த வாரம் முப்பத்தொன்று. முதல் தடவை மனசு உறுத்தியதால் பொம்மைக்கு உறுதிமொழியைக்கூட வாசித்தார். அது ஐந்தாவது வரியில் ஓடவில்லை. அடுத்த கூட்டத்துக்குள் நூற்று முப்பத்தெட்டு முதுகு சேர்ந்துவிட்டது. கொடுக்காத பெட்டிகள் கட்டிங் மேஜைக்கு அடியில் அட்டைப்பெட்டி அட்டைப்பெட்டியாக அடைந்து, அவர் கால் நீட்ட இடமில்லாமல் போயிற்று.

இரண்டாவது கூட்டத்தில் டெய்லரின் பாதிச் சுவர் போதாமல், சன்னல் கண்ணாடியிலும் ஒட்டியிருந்தார்கள். இயக்குநர் எழுந்து போய் வெள்ளைச் சட்டை போட்ட முதுகு ஒன்றின் முன்னால் நின்றார்.

“இந்தப் பயனாளியைப் பாருங்கள். தோளில் பதற்றம் இல்லை. முதுகில் வெட்கம் இல்லை. மற்ற ஆண்கள் எல்லாம் கூனிக் குறுகி நிற்கிறார்கள். இவர் நிற்கும் நிலையில் ஒரு நம்பிக்கை இருக்கிறது. பத்து ஆண்டுகளாக இந்த இயக்ககம் தேடிக்கொண்டிருந்த ஆண் இவர்தான்.”

“ஒரு சந்தேகம், சார்” என்றார் கண்காணிப்பு மேடம். “சட்டைக் கை ரெண்டும் காலியா தொங்குதே.”

இயக்குநர் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு பார்த்தார். “கையை முன்னால் கட்டிக்கொண்டிருக்கிறார், அம்மா. அடக்கம்.”

எல்லோரும் கை தட்டினார்கள். டெய்லர் ஓரக்கண்ணால் ஸ்டாண்டுக்காரரைப் பார்த்தார். அந்த முகம் ஒரு தடவையாவது சுருங்கும், அதைப் பார்த்துவிட்டால் போதும் என்றுதான் மனுஷன் ஒரு மாதமாகப் பொம்மையோடு மல்லுக்கட்டினார். ஸ்டாண்டுக்காரர் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஜெயித்தும் வயிறு குளிரவில்லை.

தேநீர் இடைவேளையில் டெய்லர் மெதுவாக எழுந்து ஸ்டாண்டுக்காரரின் சுவரருகே போனார். தன்னைக் கைவிட்டவர்கள் இன்னும் யார் யார் என்று ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே வந்தவர், மூன்றாவது வரிசையில் ஒரு சாம்பல் நிறச் சட்டைக்கு முன்னால் நின்றுவிட்டார். வலது தோள் இடது தோளைவிட அரை அங்குலம் இறக்கம். அந்த இறக்கம் வெளியே தெரியாமலிருக்க, தோளுக்குள் மெல்லிசாக ஒரு பஞ்சு வைத்துத் தைத்திருந்தது. அந்தப் பஞ்சை வைத்தவர் அவர்தான்.

அது அவருடைய தம்பி. கட்டடங்களுக்குப் பெயிண்ட் அடிப்பவன். நாலு வருஷம் முன்னால் ஏணியிலிருந்து விழுந்து, காரை எலும்பு உடைந்து, ஒட்டியது கோணலாக ஒட்டிவிட்டது. அதிலிருந்து அவனுக்கு ஒவ்வொரு சட்டையிலும் பஞ்சு.

படத்தின் தேதி ஏறக்குறைய மூன்று மாதத்துக்கு முந்தையது. தம்பிக்குப் பெண் நிச்சயமாகியிருந்தது. பெண் வீட்டார் தேதி கேட்டபோதெல்லாம் அவன், “மூணு மாசம் போகட்டும்ணே, மூணு மாசம் போகட்டும்” என்று தள்ளிக்கொண்டே வந்தான். வேலை அதிகம் போலிருக்கிறது என்று டெய்லர் நினைத்துக்கொண்டிருந்தார். பெட்டிக்குள் வைத்திருக்கும் தாளில் எழுதியிருப்பது இப்போதுதான் அவருக்கு உறைத்தது: ‘சந்தேகம் ஏற்பட்ட நாளிலிருந்து மூன்று மாதம் கழித்து மறுபடியும் ஒருமுறை பார்த்தால்தான் உறுதி.’ பையன் எதற்கோ பயந்துபோயிருக்கிறான். இரண்டாவது தடவை பார்க்கக் காத்துக்கொண்டிருக்கிறான். இந்த மாதம்தான் பார்க்க வேண்டும்.

ஐயோ என்று ஒரு நிமிஷம் பதறினார். அடுத்த நிமிஷமே, ‘கூடப் பிறந்தவன் நான் இங்க குத்துக்கல்லாட்டம் இருக்கேன், அந்த ஊமைகிட்டயா போய் நின்னான்?’ என்று வந்துவிட்டது. எது முதலில் வந்தது என்று பின்னால் அவராலேயே சத்தியம் செய்ய முடியவில்லை.

அந்த நேரம் பார்த்து இயக்குநர் முடிவை அறிவித்தார்: “வேகம் இருக்கும் இடத்துக்கே வளம் போகவேண்டும். இன்றிலிருந்து இந்தத் தெருவுக்கு டெய்லர் ஒருவரே தோழர். ஸ்டாண்டில் மிச்சமிருக்கும் பெட்டிகளையும் எடுத்து அவரிடம் கொடுத்துவிடுங்கள்.” மறுபடியும் கைதட்டல். டெய்லரின் கைகளும் அவரைக் கேட்காமல் தட்டின.

அந்த வெள்ளிக்கிழமை டெய்லர் கடைவாசலில் நின்று பார்த்தார். ஸ்டாண்டுக்கு வண்டிகள் வந்தன. ஒவ்வொருவனும் ஒரு பார்வை பார்த்தான். ஸ்டாண்டுக்காரர் வெறும் கையை விரித்துக் காட்டினார். மத்தியானம் தம்பி வந்தான். வண்டியை நிறுத்தினான். அவனுக்கும் கை விரிந்தது. அவன் சற்று நேரம் அங்கேயே நின்றான், பிறகு வண்டியைத் தள்ளிக்கொண்டே இந்தப் பக்கம் வந்தான். கடையின் முன்னால் ‘இங்கே இலவசமாகக் கிடைக்கும்’ என்று இயக்ககம் மாட்டிய பலகையைப் பார்த்தான். நடை தளர்ந்தது. நிற்கவில்லை.

“டேய், உள்ள வாடா! ஒரு டீ சாப்பிட்டுப் போ!”

“வேலை கெடக்குண்ணே.”

அடுத்த நாள் டெய்லரே ஒரு பெட்டியைப் பைக்குள் போட்டுக்கொண்டு அவன் வேலை செய்யும் கட்டடத்துக்குப் போனார். தனியாகக் கூப்பிட்டுக் காதோடு காதாகச் சொல்லிக் கொடுத்துவிடுவதாகத்தான் திட்டம். ஆனால் அவர் தொண்டை அப்படிப் பழகியதில்லை.

“பொதுவா ஒண்ணு சொல்றேன்டா” என்று ஆரம்பித்தார். “இந்தக் காலத்துல எச்.ஐ.வி. பரிசோதனைங்கறது…”

ஏணிமேல் இருந்த இருவர் தூரிகையை நிறுத்திவிட்டுக் குனிந்து பார்த்தார்கள். தம்பியின் முகம் அவன் அடித்துக்கொண்டிருந்த சுவரின் நிறத்துக்கு வந்துவிட்டது.

“எனக்கு எதுக்குண்ணே அதெல்லாம்? கடைக்குப் போங்க.”

அன்று சாயங்காலம் பெண்ணின் அப்பா கடைக்கு வந்தார். “இந்த மாசக் கடைசிக்குள்ள ஒரு தேதி சொல்லிடுங்க. இல்லாட்டி நாங்க வேற எடம் பார்த்துக்கறோம். தப்பா எடுத்துக்காதீங்க” என்றார். தப்பாக எடுத்துக்கொள்ள அவர் சொன்னதில் என்ன இருக்கிறது? மேஜைக்கு அடியில் இருநூறு பெட்டி இருந்தது. அதில் ஒன்றுகூடத் தம்பி கைக்குப் போகாது.

திங்கட்கிழமை டெய்லர் இயக்குநர் அறையில் போய் நின்றார்.

“சார், ஒரு தப்பு பண்ணிட்டேன். அந்த முதுகெல்லாம் மனுஷன் இல்ல சார், பொம்மை. சட்டை மாட்டற பொம்மை. ஸ்டாண்டுக்காரருக்கே திருப்பிக் கொடுத்துடுங்க.”

இயக்குநர் கதவைச் சாத்தச் சொன்னார். “அவர் பொம்மை என்று யார் உங்களுக்குச் சொன்னது?”

“யாரு சொல்லணும் சார்? என் கடைப் பொம்மை.”

“ஒரு பயனாளி யார், என்ன என்பதை மூன்றாம் நபரிடம் வெளியிடுவது விதி ஒன்பதின்படி குற்றம். அவர் பொம்மையாகவே இருக்கட்டும். தான் பொம்மை என்பதை ரகசியமாக வைத்துக்கொள்ள அவருக்கு உரிமை உண்டு. அந்த உரிமைக்காகத்தான் இந்த இயக்ககமே இருக்கிறது.”

“சார்…”

“அறிக்கை மேலே போய்விட்டது. அவர் முதுகை வைத்துச் சுவரொட்டி அடிக்கச் சொல்லி உத்தரவும் வந்துவிட்டது.”

கண்காணிப்பு மேடம் கோப்பிலிருந்து தலையை நிமிர்த்தினார். “அவரோட உடல்நிலை எப்படின்னு மேலிடத்துல கேட்டிருக்காங்க, சார்.”

“நலமாக, நிமிர்ந்து நிற்கிறார் என்று எழுதுங்கள். டெய்லர், இந்த மாதமே உங்களுக்கு விருது. அதுவரை வாயைத் திறக்காதீர்கள்.”

டெய்லர் வெளியே வந்தார். வாயைத் திறக்காதே என்று அவரிடம் பலபேர் சொல்லியிருக்கிறார்கள். விருது கொடுத்துச் சொன்னது இவர்தான் முதல்.

உச்சி வெயிலில், நாலு அட்டைப்பெட்டியையும் ஒன்றன்மேல் ஒன்றாகக் கட்டித் தள்ளுவண்டியில் ஏற்றினார். நாற்பதடிதான். அந்த நாற்பதடியில் ஆறு தடவை நின்றார். திரும்பிப் போய்விடலாமா என்றிருந்தது. வியர்வையைத் துடைத்துக்கொண்டு, ஸ்டாண்டுக்காரரின் முக்காலிக்கு முன்னால் வண்டியைச் சாய்த்தார்.

“இந்தாய்யா. நீயே கொடு. உன்கிட்டதான் வர்றானுங்க.”

ஸ்டாண்டுக்காரர் பெட்டிகளைப் பார்த்தார், டெய்லரைப் பார்த்தார்.

“படம்?”

“படத்துக்குப் பொம்மை இருக்கு. அத நான் பார்த்துக்கறேன். நீ யாரையும் படம் எடுக்காதே. எடுத்தா நான் கண்டுபுடிச்சிருவேன்.” காலி வண்டியை நிமிர்த்தினார். “உனக்கு என்னய்யா, ராசி. ஊரே உன்னை நம்புது.”

ஸ்டாண்டுக்காரர் தலையை ஆட்டினார். அவ்வளவுதான். ஒரு நன்றிகூடச் சொல்லவில்லை. டெய்லர் காலி வண்டியைத் தடதடவென்று இழுத்துக்கொண்டு திரும்பினார்.

அதற்கப்புறம் இயக்ககத்தின் பணி சீரும் சிறப்புமாக நடந்தது. படம் எடுக்கும் தொல்லை இல்லாததால் ஆண்கள் தைரியமாக வந்து வாங்கிப்போனார்கள். இந்தப் பக்கம் பொம்மை தினமும் ஏழெட்டுச் சட்டை மாற்றிக்கொண்டு ஆதாரம் கொடுத்தது. விருது விழாவில் இயக்குநர் நாற்பது நிமிஷம் பேசினார். ‘ரகசியம் காப்பதில் சிறந்த தோழர்’ என்று எழுதிய கேடயத்தை டெய்லர் கையில் கொடுத்தபோது, முன்வரிசையில் இருந்த அவர் மனைவிக்குச் சிரிப்பை அடக்க முடியாமல் புரையேறிவிட்டது. ஸ்டாண்டுக்காரருக்கு அழைப்பே இல்லை.

விழா முடிந்த இரண்டாம் நாள் தம்பி கடைக்கு வந்தான். மாதம் முடிய இன்னும் நாலு நாள் இருந்தது.

“கல்யாணத்துக்குக் கோட்டு தைக்கணும்ணே. அவங்க வீட்டுக்குத் தேதி சொல்லி அனுப்பிடுங்க.”

டெய்லர் ஒன்றும் கேட்காமல் டேப்பை எடுத்தார். அவனைத் திருப்பி நிறுத்தித் தோளில் வைத்தார். முகம் பார்க்காமல் நிற்கும்போது அவனுக்குப் பேச வந்தது.

“ஒரு பயம் இருந்துச்சுண்ணே. ஒரு தடவை புத்தி கெட்டுப் போயிட்டேன். ரெண்டு தடவை பார்த்துட்டேன். ஒண்ணும் இல்ல.”

டேப் கீழே விழுந்தது. டெய்லர் அந்தக் கோணல் தோளை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அழுதார். ரேடியோ என்று ஊரே கூப்பிடும் மனுஷனுக்கு ஒரு முழு நிமிஷம் ஒரு சொல் வரவில்லை. தன்னிடம் வந்து சொன்னானே, அது போதும் என்று நெஞ்சு நிறைந்துவிட்டது. மூக்கைத் துடைத்துக்கொண்டு, டேப்பைக் குனிந்து எடுத்து, தோள் அளவைக் குறித்தார். குறித்து முடிப்பதற்குள் அந்தப் பழைய எரிச்சல் வந்துவிட்டது.

“ஏன்டா, இத மொதல்ல என்கிட்டதானே சொல்றே?”

தம்பி நெளிந்தான்.

“அவருகிட்டதாண்ணே மொதல்ல சொன்னேன். நேத்து, ஸ்டாண்டுல.”

“ஓஹோ. தலைய ஆட்டியிருப்பான்.”

“இல்லண்ணே. கட்டிப் புடிச்சுக்கிட்டாரு. பக்கத்துல உக்கார வச்சு, அரை மணி நேரம் பேசினாரு.”

“அரை மணி நேரமா! அவனா?” டெய்லருக்குக் காது இரண்டும் சூடேறிப்போயிற்று. தம்பியின் தோளைப் பிடித்துத் தன் பக்கம் திருப்பினார். “என்னடா பேசினான்?”

தம்பி அண்ணனின் முகத்தைப் பார்த்தான். பாவமாகத்தான் இருந்தது அவனுக்கு.

“அத எப்படிண்ணே உங்ககிட்ட சொல்றது?” என்றான்.